மஞ்சள் தண்ணீர் தெளித்த ஈயம்

என் வீட்டுக்காரர் போன பிறகு வலையைத் தொடக்கூடாது என்றார்கள். நான் மணப்பட்டு மீனவக் குப்பத்திலேயே பிறந்தவள். வலை பின்னிப் பின்னியே பழகின விரல் என்னுடையது. தாலி அறுத்தவள் கை பட்டால் வலையில் மீன் படாது என்பது எங்கள் குடும்பத்துப் பேச்சு. ஈயம் உருக்க மட்டும் விட்டார்கள். நெருப்பில் உருகி வருகிற சாமானில் தீட்டு தங்காதாம். அதனால் மகன் வலைக்கு நான் ஈயக்குண்டு வார்ப்பேன். மருமகள் அதை வலையின் அடிக்கயிற்றில் கோத்துக் கட்டுவாள். அவள் முடிச்சு நழுவும். பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேன்.

ஒரு வலைக்காவது என் கையால் கட்டித் தர வேண்டும் என்று ஆசை. வாய் விட்டுக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"எந்தக் கையால கட்டுவ அத்த? மாமாவுக்கு வாய்க்கரிசி போட்டியே, அந்தக் கையாலயா?" என்றாள் மருமகள்.

மகன் சிரித்தான். "உடு. அது ஏதோ ஆசப்படுது."

கார் சக்கரம் ஆடாமல் ஓட ஓரத்தில் அடித்திருந்து, பிறகு கழற்றிப்போட்ட ஈயக்கட்டைகளை, பாகூர் டயர் கடையிலிருந்து மகன் வாங்கி வருவான். பேட்டரி ஈயம் வேண்டாம், அந்தப் புகை ஆகாது என்று சொல்லிவைத்திருந்தேன். கொல்லையில் வெட்டவெளியாகப் பார்த்து, காற்றுக்கு முதுகு காட்டி உட்காருவேன். ஈயம் உருக்குகிற சட்டியைச் சோறு குழம்புக்கு எடுப்பதில்லை. கட்டைகளை முதல் நாளே வெயிலில் பரப்பிவிடுவேன். உருகின ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் போனாலும் வெடித்து எகிறும். தூறல் விழுந்தால் அன்றைக்கு வேலை இல்லை.

அன்று புது வலைக்கு வார்த்துக்கொண்டிருந்தேன். பாதி ஈயம் உருகிவிட்டது. மீதிக் கட்டைகள் முறத்தில் இருந்தன. மருமகள் செம்பில் மஞ்சள் தண்ணீரோடு வந்து, வேப்பிலையால் முறம் நனையத் தெளித்தாள். கொஞ்ச நாளாக மீன் சரியாகப் படவில்லை. நெருப்பு மட்டும் பத்தாது, என் கை பட்டதை மஞ்சள் தண்ணீராலும் கழிக்க வேண்டுமாம்.

"ஈரமா கீது. கொஞ்சம் காயட்டும்மா," என்றேன்.

"ராகு காலம் வந்துடும். வலை படகுல ஏற வேணாமா?"

"தண்ணி பட்டா வெடிக்கும்."

"அதான! புள்ள வலைக்கு நல்லது செஞ்சா ஒனக்கு எங்க ஆவும்? போடு அத்த."

மகனைப் பார்த்தேன். அவன் போனிலிருந்து தலை எடுக்கவில்லை. "போட்டுத் தொலயேம்மா. காலையிலியே இன்னா ரோதன," என்றான்.

நான் போடவில்லை. முறத்தை வெயில் பக்கம் இழுத்தேன். அவள் அதைப் பிடுங்கி, எட்ட நின்று, சட்டியில் கவிழ்த்தாள்.

தடுக்க நீட்டின என் வலது கைமேல் ஈயம் வெடித்து வந்து அப்பியது. உதறினேன், விழவில்லை. தோலோடு இறுகிவிட்டது. அவள் புடவைத் தலைப்பில் ஒரு ஓட்டை விழுந்தது.

"ஐயோ, புதுப் பொடவ!" என்றாள்.

மகன் ஓடிவந்து சட்டியைப் பார்த்தான். "பாதி ஈயம் மண்ணுல பூட்ச்சே," என்றான். அப்புறம்தான் வண்டியை எடுத்தான். ஆஸ்பத்திரியில் ஈயத்தைத் தோலோடு உரித்தார்கள். விரல்கள் உள்ளங்கைப் பக்கம் மடங்கி, அப்படியே ஆறிப்போயின.

மிஞ்சின ஈயத்தில் மகனே குண்டு வார்த்து வலையைக் கடலுக்குக் கொண்டுபோனான். முதல் தடவையே வஞ்சிரம் அள்ளிக்கொண்டு வந்தது. "கெழவி கையில இருந்த தோசம் எரிஞ்சி பூட்ச்சி," என்று கரையில் பேசிக்கொண்டார்கள். மருமகளும் அதை நம்பினாள்.

அடுத்த வலை வந்ததும் அவளே அதை என் மடியில் கொண்டுவந்து போட்டாள். சந்தோஷமாகத்தான் போட்டாள்.

"இனிமே நீ தொடலாம் அத்த. ரொம்ப ஆசப்பட்டியே, கட்டு."

கயிற்றை எடுத்தேன். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் சேரவில்லை. குண்டு நழுவி மண்ணில் விழுந்தது. எடுத்துக் கோத்தேன். மறுபடி விழுந்தது.

"இது கட்டி முடிக்கறதுக்குள்ள மீனெல்லாம் கெழடு தட்டிப்பூடும்," என்றான் மகன். அவனோடு படகில் போகிறவர்களும் சிரித்தார்கள்.

முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தேன். ஒன்று முடிந்தது. இன்னொன்றும் முடிந்தது. மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கட்டினதை ஒவ்வொன்றாக அவிழ்த்து, தானே கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.