துபாய் – ஜோகன்னஸ்பர்க்: அரை மணி நேரம்

கணக்கில் நான் சின்ன வயதிலேயே புலி. அந்த ஞாயிற்றுக்கிழமை பசித்த புலி, அதுதான் சிக்கல்.

துபாயில் எலக்ட்ரீஷியனாக இருந்த மாமாவை அவருடைய கம்பெனி ஜோகன்னஸ்பர்க்குக்கு மாற்றியிருந்தது. வழியெல்லாம் கடல் என்று யாரோ சொல்லிவிட, அத்தைக்கு நிலைகொள்ளவில்லை. மாமா அங்கே தரையில் கால் வைக்கும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது என்று இருக்கன்குடி அம்மன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்து வேண்டிக்கொண்டாள். நம்ம ஊர் நேரப்படி காலை பத்து மணிக்கு விமானம். என் அப்பாவும் அம்மாவும் ஒரு வளைகாப்புக்குப் போகும் வழியில் என்னைச் சாத்தூரில் அத்தை வீட்டில் விட்டுப் போயிருந்தார்கள்.

“நானும் விரதம்” என்று அறிவித்தேன். மணி ஒன்பது. அப்போது என் வயிற்றில் ஆறு இட்லி இருந்தது.

“ஒனக்கு எதுக்குலே? சோறாக்கி வச்சிருக்கேன், பசிச்சா சாப்பிடு.”

“மாமா எறங்காம சாப்பிட மாட்டேன்!”

பதினொன்றரைக்கு இட்லிகள் என்னைக் கைவிட்டன. அடுப்படியில் புளிக்குழம்பும் பொரித்த அப்பளமும் மூடியிருந்தன. ஆனால் சொன்ன சொல்லை விழுங்க முடியுமா? ஆறாம் வகுப்பு மானம்.

“எம்புட்டு நேரம் அத்தை பறக்கணும்?”

“எனக்கென்னலே தெரியும்? எறங்கிச் சாயந்தரம் கூப்பிடுதேன்னாக.”

சாயந்தரமா! பைக்குள்ளிருந்து சமூக அறிவியல் நோட்டை எடுத்தேன். எங்கள் பக்கத்தில் நோட்டுக்கு அட்டை போடுவது சிவகாசி அச்சகங்களில் கழித்த தாளில்தான். என் நோட்டின் மேல் இருந்தது வெட்டாத டைரித் தாள்: இடப்பக்கம் உலகப்படம், வலப்பக்கம் தமிழ்நாடு. ஸ்கேலை வைத்தேன். துபாயிலிருந்து ஜோகன்னஸ்பர்க் எட்டு சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் என்று தாளிலேயே அச்சிட்டிருந்தது. அது தமிழ்நாட்டுப் படத்துக்கு உரிய அளவு என்பதைப் பார்க்கிற நிலையில் என் வயிறு இல்லை. ஆக நானூறு கிலோமீட்டர். விமானம் மணிக்கு எண்ணூறு போகும் என்று மாமாவே சொல்லியிருக்கிறார்.

“அத்தை! அரை மணி நேரந்தான்! மாமா எறங்கி ஒரு மணி நேரமாச்சு. நாம வீணா பட்டினி கெடக்கோம்!”

நம்ம ஊர் பஸ் விருதுநகர் போய்ச் சேர்வதற்குள் மாமா ஆப்பிரிக்கா போய்விடுவார் என்று விளக்கம் வேறு கொடுத்தேன்.

“அப்போ போன் ஏன் வரல?”

“புது ஊரு. பெட்டியத் தேடி எடுக்க வேண்டாமா?”

அத்தை நோட்டைப் பார்த்தாள். அதைவிட அதிக நேரம் என் முகத்தைப் பார்த்தாள்.

“கணக்குல எம் மருமகன அடிச்சுக்க ஆளில்ல. எந்திரி, கையக் களுவு.”

எனக்குப் பரிமாறிவிட்டு அவளும் ஒரு தட்டுடன் எதிரே உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தாள். நான் அப்பளத்தைத் தவிர எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஐந்து அப்பளம்.

விளக்கேற்றும் நேரத்தில் செல்போன் அடித்தது. பேசி முடித்த அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“இப்பத்தான் எறங்குனாகளாம்லே.”

“பிளேன் லேட்டாக் கெளம்பியிருக்கும். என் கணக்கு தப்பாது” என்றேன்.

அத்தை அடுப்படிக்குள் போனாள். பின்னாலேயே போனேன். குடத்திலிருந்து ஒரு சொம்பு மோந்து, நின்றபடியே மடக் மடக்கென்று குடித்தாள். மூச்சு வாங்கிவிட்டு இன்னொரு சொம்பு மோந்தாள்.

மத்தியானக் குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கல்தான் போல என்று நினைத்துக்கொண்டேன்.