மூன்று முறை கூப்பிட்டேன்

பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் சந்தில், எதிர் வீட்டுக் கதவில் கன்னட எழுத்தில் 'நாளெ பா' என்று எழுதியிருக்கும். நாளைக்கு வா என்று அர்த்தம். வீட்டு ஆட்களின் குரலிலேயே வந்து பேர் சொல்லிக் கூப்பிடும் ஒன்று உண்டாம். கதவில் இதைப் படித்துவிட்டு, சரி நாளைக்கு வரலாம் என்று திரும்பிப் போய்விடுமாம். மறுநாளும் அதே எழுத்துதானே இருக்கும். எழுத்து படிக்கத் தெரிந்த, நாள்காட்டி பார்க்கத் தெரியாத பேய். எங்கள் கதவில் குருத்தோலை ஞாயிறன்று கோவிலில் கொடுத்த ஓலைச் சிலுவை செருகியிருக்கிறது. அது போதும் என்பது என் மனைவியின் கட்சி. எதற்கும் இருக்கட்டும் என்று நான் பக்கத்திலேயே சாக்பீஸால் 'நாளெ பா' எழுதுவேன். அவள் அழிப்பாள். நான் மறுபடி எழுதுவேன்.

எழுதியதோடு விட்டிருக்கலாம். நான் அதை விளையாட்டாக்கினேன். எனக்கு நாற்பத்தொன்பது வயது, மகளுக்கு இன்னும் மூன்று முடியவில்லை. பதினான்கு வருடம் காத்திருந்து பெற்ற பிள்ளை. தடுப்பூசி போடப் போனால் தாத்தா வெளியே உட்காருங்கள் என்பார்கள். அந்த வருத்தத்தையெல்லாம் நான் கோமாளித்தனம் செய்துதான் ஆற்றிக்கொள்வேன். வேலை முடிந்து வந்ததும் மணி அடிக்காமல், கதவுக்கு வெளியே நின்று குரலை இழுத்து அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன். உள்ளேயிருந்து, "நாளெ பா" என்று கத்துவாள். இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை கூப்பிட்டால் மூச்சு விடக்கூடாது, எங்காவது ஒளிந்துகொள்ள வேண்டும், பேய் என்ன சொன்னாலும் வெளியே வரக்கூடாது. இதுதான் சட்டம். சட்டம் இயற்றியவன் நான். பேய் நிறைய சொல்லும். சாக்லேட் தருகிறேன் என்னும், விளையாட்டு முடிந்துவிட்டது, நிஜ அப்பா வந்திருக்கிறேன் என்னும். அவள் அசைய மாட்டாள். அப்படி ஒரு பிள்ளையைப் பழக்கியதில் எனக்குப் பெருமை வேறு.

ஏரிக்கரைக்குப் போகும் யோசனை என் மைத்துனனுடையது. தொம்மலூரில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் வேலை பார்க்கிறான், ஆகவே இயற்கை மேல் அளவுகடந்த பிரியம். ஒரு கூடாரம் வாங்கியிருந்தான். சனிக்கிழமை மதியம் அவன் காரில் கனகபுரா பக்கம் போய், ஒரு தோட்டக்காரரின் நிலத்தில், ஏரியை ஒட்டி அதை அடித்தோம். தோட்டக்காரர் கன்னடத்தில் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். ஏரியில் வண்டல் எடுக்க மிஷின் வைத்துத் தோண்டியிருக்கிறார்கள். கரையிலிருந்து நாலடி வரை முழங்கால் தண்ணீர், அதற்கு மேல் ஆள் உயரம் மூன்று மடங்கு. குழந்தை பத்திரம். நான் தலையாட்டிவிட்டு, எனக்கு நீச்சல் நன்றாகத் தெரியும், மூழ்கும் பாகம் மட்டும் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த ஏரியில் தோண்டாத எதிர்க்கரைப் பக்கம் பட்டுப்போன மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. சாயங்காலம் வெளிச்சம் இறங்கியபோது அவை ஏதோ ரேஷன் கடைக்கு வரிசையில் வந்தவர்கள்போலத் தெரிந்தன. கடை திறக்காது என்று தெரிந்தும் போகாமல் நிற்பவர்கள். பறவைகள் எல்லாம் ஒரே சமயத்தில் சத்தத்தை நிறுத்தின. நான் அதைப் பற்றி ஒரு ஜோக் சொன்னேன். சொல்லி முடித்த பிறகு இன்னும் அதிக நிசப்தமாக இருந்தது. சீக்கிரமே சாப்பிட்டுப் படுத்துவிட்டோம்.

விடியும்போது குளிரில் விழித்தேன். கூடாரத்தின் ஜிப் ஒரு முழம் திறந்திருந்தது. எனக்கும் மனைவிக்கும் நடுவில் குழந்தையின் போர்வை மட்டும் கிடந்தது.

வெளியே பனி. என் லுங்கியின் கரை எனக்குத் தெரியவில்லை. காலில் மனைவியின் செருப்பு, கையில் டார்ச். அந்த டார்ச் பனியை இன்னும் வெள்ளையாக்கியதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. தண்ணீர் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாமல் நின்று, மகளின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பயத்தில் குரல் தானாகவே இழுபட்டது.

"நாளெ பா" என்றாள்.

எங்கிருந்தோ. சந்தோஷமான, அடங்கிய குரல், பானைக்குள்ளிருந்து வருவதுபோல. எனக்கு உயிர் வந்தது. சிரித்தும்விட்டேன். சத்தம் வந்த பக்கம் என்று நான் நினைத்த பக்கம் பத்தடி ஓடி மறுபடி கூப்பிட்டேன். "நாளெ பா." இந்த முறை அது எனக்குப் பின்னாலிருந்து வந்தது.

மூன்றாவது முறை கூப்பிடக்கூடாது என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவன் ஒருவன்தான். அவன்தான் கூப்பிட்டான்.

பதில் இல்லை. கொஞ்சம் பொறுத்து, தண்ணீருக்கு மேலிருந்து என் குரல் அவள் பேரைச் சொன்னது. நான் கூப்பிட்டதைவிட மெதுவாக, அவசரமே இல்லாமல்.

அதற்குப் பிறகு நான் செய்ததை வரிசையாகச் சொன்னால் சிரிப்பு வரும். விளையாட்டு முடிந்துவிட்டது கண்ணு என்று கத்தினேன். பேய் தினமும் சொல்வதுதானே அது. நிஜ அப்பா என்றேன். அதுவும் பேயின் வசனம். சாக்லேட் என்றேன். ஒரு தகப்பன் தன் பிள்ளையை வெளியே வரவழைக்கச் சொல்லக்கூடிய எல்லாவற்றையும் நான் ஏற்கெனவே பேய்க்குக் கொடுத்துவிட்டிருந்தேன். எனக்கென்று ஒரு வார்த்தை மிச்சமில்லை. அப்போதுதான் செருப்புக்குள் தண்ணீர் ஏறியிருப்பது தெரிந்தது. முழங்காலுக்கு வந்துவிட்டது. எத்தனை அடி வந்திருக்கிறேன் என்று எண்ணியிருக்கவில்லை.

பின்னாலிருந்து என் பனியனை யாரோ பிடித்து இழுத்தார்கள். நான் அலறியது அந்த மாவட்டத்துக்கே கேட்டிருக்கும். மனைவி.

"நீங்க போயிட்டீங்கன்னா நான் எத்தினி பேர தேடறது?" என்றாள். கரைக்கு இழுத்துவந்த பிறகு, "எத்தினி வாட்டி கூப்ட்டீங்க?"

"மூணு."

அவளுக்குச் சட்டம் தெரியும். என்னை ஒரு பார்வை பார்த்தாள், திட்டவில்லை. அதற்குள் மைத்துனன் கூடாரத்திலிருந்து உருண்டு வெளியே வந்து, குழந்தையின் பேரைக் கத்த வாயைத் திறந்திருந்தான். ஒரு கையை நீட்டி அவனையும் நிறுத்தினாள்.

"யாரும் கூப்டக் கூடாது. ஒக்காருங்க."

அவளே ஈரத் தரையில் உட்கார்ந்தாள். கூடாரத்து ஓரம் வைத்திருந்த பிளாஸ்கைத் திறந்து, ராகி மாவு போட்டு வெந்நீர் ஊற்றி, இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்ற ஆரம்பித்தாள். தினமும் காலையில் எங்கள் வீட்டில் கேட்கும் சத்தம். அன்றைக்குப் பாதி தரையில் கொட்டியது. ஆற்றுவதை மட்டும் நிறுத்தவில்லை. நானும் மைத்துனனும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நாலடிக்கு அப்பால் தண்ணீர் நக்கும் சத்தம். ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்கு விழும் சத்தம். வேறு எதுவும் இல்லை. தண்ணீரிலிருந்து ஒரு குமிழ்ச் சத்தம் வந்துவிடக்கூடாது என்பதைத் தவிர நான் வேறு எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. ஜெபம்கூட எனக்கு ஒழுங்காக வரவில்லை. சாப்பாட்டுக்கு முன் சொல்லும் ஜெபம்தான் வாயில் வந்தது.

எத்தனை நேரம் என்று தெரியாது. இடப்பக்கம் மூங்கில் உரசும் சத்தம் கேட்டது. தோட்டக்காரர் மீன்பிடிக்க வைத்திருந்த பரிசல் ஒன்று, தார் பூசிய பெரிய கூடை, ஒரு ஓரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுத்துக் காய்வதற்காகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அந்த இடைவெளியில் முதலில் ஐந்து விரல் வந்தது. பிறகு தலை. தலையில் சிலந்தி வலை. நேராகத் தாயிடம் ஓடி டம்ளரைப் பிடித்துக்கொண்டாள்.

நான் எழுந்து வாயைத் திறந்ததுதான் தாமதம், தாயின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். அங்கிருந்து எட்டி என்னைப் பார்த்தாள். பிறகு தண்ணீரைப் பார்த்தாள். மறுபடி என்னை.

"யாரும்மா கூப்ட்டாங்க?" என்று மனைவி கேட்டாள், ரொம்ப சாதாரணமாக.

"அப்பா."

"அப்பா எங்க இருந்தாரு?"

ஏரியைக் காட்டினாள். "அங்க அப்பா. வா வான்னுச்சு."

நான் மூன்று முறையும் பேரை மட்டும்தான் சொன்னேன். அதற்குப் பிறகு கத்திய கத்தல்களிலும் வா என்ற வார்த்தை இருந்ததாக எனக்கு நினைவில்லை. மனைவியிடம் அதைச் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் அவளும் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் குரலை நோக்கிப் பிள்ளை நடந்திருந்தால் நாலடிதான். நடக்காமல் ஒளிந்துகொண்டாள் என்றால் அதுவும் நான் சொல்லிக்கொடுத்ததுதான். என்னை எந்தப் பக்கம் நிறுத்தித் திட்டுவது என்று எனக்கே தெரியவில்லை.

மைத்துனன் விஞ்ஞானத்தை எடுத்தான். "ஒண்ணும் இல்ல மாமா. எதுத்தாப்ல பாறை இருக்குது இல்ல, சவுண்டு பட்டுத் திரும்பி வருது, அவ்ளோதான்." நான் உடனே ஒப்புக்கொண்டேன். அந்த நேரத்தில் அவன் எதைச் சொல்லியிருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பேன். நிரூபிப்பதற்காக அவன் எழுந்து பலமாகக் கை தட்டினான். காத்திருந்தோம். எதுவும் திரும்பி வரவில்லை. இன்னும் பலமாகத் தட்டினான்.

"பனி இருந்தாத்தான் வரும் மாமா," என்றான். பனி இருந்தது.

நாளெல்லாம் ஓயாமல் வாயடிக்கும் நான், பேசினால் பிள்ளை பயப்படுவாள் என்று உதட்டைக் கடித்து உட்கார்ந்திருந்தேன். கூப்பிடவும் முடியாது, கையை நீட்டவும் பயம். மரங்கள் ஒவ்வொன்றாகப் பனியிலிருந்து வெளியே வந்தன. அவள் ராகியைப் பாதி குடித்தாள், டம்ளரைக் கீழே வைத்தாள், தாயின் தோளைப் பிடித்துக்கொண்டே ஓரடி, அதை விட்டுவிட்டு இன்னும் இரண்டடி என்று என்னிடம் வந்தாள். என் கன்னத்தில் மழிக்காத முடியை விரலால் தேய்த்துப் பார்த்தாள். மீசையை இழுத்துப் பார்த்தாள். வலித்தது. பிறகு உள்ளங்கையை என் வாய்மேல் வைத்து அழுத்திக்கொண்டு, மடியில் ஏறி உட்கார்ந்தாள். மூக்கால் மூச்சுவிட்டுக்கொண்டு நான் அப்படியே இருந்தேன். கூடாரத்தைப் பிரித்து மூட்டை கட்டி முடிக்கும்வரை அவள் கையை எடுக்கவில்லை.