மறைத்து வைத்த ஒன்பது முகவரிகள்

தையல் ஆலையில் அவளுக்குக் கடிதாசி அக்கா என்று பெயர். வேலை என்னவோ வருகைப் பதிவுதான். ஆனால் லீவுக் கடிதம், பள்ளிக்கூடத்துக்கு விளக்கக் கடிதம், புருஷன்மேல் புகார் என்று எல்லாருக்கும் எழுதிக்கொடுப்பவள் அவளே. பதினாறு வருஷத்தில் ஒருத்தி சொன்னது இன்னொருத்தியின் காதுக்குப் போனதில்லை.

பின்கதவில் எந்நேரமும் பூட்டு. துணி திருட்டுப்போகிறது என்று மேனேஜர் போட்டது. போன மாதம் இஸ்திரி மேஜைக்கு அடியில் ஒயர் கருகிப் புகை கிளம்பியபோது, நூற்றிருபது பேர் ஒரே முன்கதவில் முட்டி மோதினார்கள். ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்தது. அப்படியும் பூட்டை எடுக்கவில்லை.

பூட்டை எடுக்கச் சொல்லி எழுதித்தரும்படி ஒன்பது பெண்கள் அக்காவிடம் வந்தார்கள். பெயர் தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம்.

"எம்பேரை மட்டும் போட்டு மேனேஜருக்கு மெயில் அனுப்புறேன். வருகைப் பதிவு மொத்தமும் என் தலையில இருக்கு, அவ்வளவு லேசுல என்னை அசைக்க மாட்டாங்க."

"போச்சா இல்லையான்னு எங்களுக்கும் தெரியணுமேக்கா?"

மேனேஜரின் முகவரியை மேலே போட்டாள். ஒன்பது பேருடையதையும், மறைவாக நகல் போகும் கட்டத்தில் சேர்த்தாள்.

"உங்களுக்கும் வரும், ஆனா நீங்க இருக்கிறது அவருக்குத் தெரியாது. படிங்க, உடனே அழிச்சிடுங்க. பதில் மட்டும் போட்றாதீங்க தாயிகளா."

சாப்பாட்டு வேளையில் தன் போனிலிருந்து அனுப்பினாள்.

ஒன்பதில் ஒருத்தி அவளுடைய தம்பி பெண்டாட்டி, காலர் தைப்பவள். படித்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. 'சூப்பர் அண்ணி! நாங்க ஒம்பது பேரும் உங்க பின்னாடி இருக்கோம்' என்று அடித்து, எல்லாருக்கும் பதில் என்ற பொத்தானை அமுக்கிவிட்டாள். அண்ணிக்குப் போனது. மேனேஜருக்கும் போனது.

பத்தே நிமிஷத்தில் இருவரையும் கூப்பிட்டார்கள்.

"இவங்க ஒண்ணு," என்றார் மேனேஜர். "மிச்சம் எட்டு யாரு?"

"அவ சும்மா அடிச்சு விட்டிருக்கா சார்."

"அப்போ போனைக் காட்டுங்க. எனக்கு வந்ததுல தெரியாது. அனுப்பினவங்ககிட்ட முழு லிஸ்டும் இருக்கும். எனக்கும் மெயில் அனுப்பத் தெரியும்மா."

அக்கா போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

"எட்டு பேரைச் சொன்னா, இந்தப் பொண்ணு நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வரலாம்."

தம்பி பெண்டாட்டி சுவரோடு ஒட்டி நின்றாள். இந்த வேலையை வாங்கிக்கொடுத்தவளே அக்காதான். தம்பிக்கு இடுப்பு போய் இரண்டு வருஷம். வீடு இவள் கையில்தான் ஓடுகிறது. அக்கா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் பெயர்கள் வாயில் வந்துவிடும். மடியில் இருந்த போனில் அந்த மெயிலை அழித்தாள். குப்பைப் பெட்டியிலிருந்தும் அழித்தாள். பிறகு போனை மேஜைமேல் வைத்தாள்.

"பாருங்க சார்."

அவர் தொடவே இல்லை. "ரெண்டு பேரும் அடையாள அட்டையைக் கழட்டி வெச்சிட்டுப் போங்க."

தையல் கூடம் வழியாக நடந்தார்கள். எட்டுத் தலைகள் எந்திரங்கள்மேல் கவிழ்ந்திருந்தன. ஒன்றுகூட நிமிரவில்லை. நிமிரக்கூடாது என்பதுதான் அக்காவுக்கும் வேண்டியிருந்தது, ஆனாலும் வலித்தது.

"என்னைத் திட்டுங்க அண்ணி."

"திட்டி? தம்பிகிட்ட நானே சொல்லிக்கிறேன், வா."

பஸ் நிறுத்தத்துக்கு ஆலையின் பின்பக்கமாகத்தான் போக வேண்டும். உள்ளே எந்திரங்கள் ஓடும் சத்தம். பின்கதவில் பழைய பூட்டுக்குப் பக்கத்தில், புதிதாக இன்னொரு பூட்டை மாட்டிக்கொண்டிருந்தான் காவல்காரன்.