போலந்துக்கு யெஸ் சொன்ன ரைஹானா

ஜெகதீஷ் வேலையை விட்டுப் போனது ஆயுத பூஜைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. மெஷின்களுக்குச் சந்தனம் வைத்து எல்லோருக்கும் பொரி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். புனேயில் பெரிய வேலை என்று சொல்லி வரிசையாகக் கை குலுக்கினான். அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரி பிரேக்குக்கு இரும்பு கிளாம்ப் செய்கிற அந்தச் சின்ன கம்பெனியில் சிலருக்குக் கண் கலங்கிவிட்டது. பாசம் என்று நினைக்க வேண்டாம். கம்பெனியின் மொத்த இங்கிலீஷும் அவனோடு கிளம்பிப் போகிறதே என்ற துக்கம்.

வியாழக்கிழமை தோறும் போலந்து கஸ்டமர் மரேக் வீடியோவில் வருவார். இந்தப் பக்கம் ஆறேழு பேர் சலவைச் சட்டையோடு உட்காருவார்கள். பேசுவது ஜெகதீஷ், தலையாட்டுவது மற்றவர்கள். நடுவில் மைக்கை அணைத்துவிட்டு, தரப் பரிசோதனை பார்க்கிற ரைஹானாவிடம், "கிளாம்ப்ல இன்னா பிரச்சனை, சீக்கிரம் சொல்லு" என்பான். அவள் தமிழில் ஒரு வரி சொல்வாள். அவன் மைக்கைத் திறந்து, அமெரிக்காவில் பிறந்தவன்போல ஒரு பக்கத்துக்குப் பேசுவான்.

அவன் போனதும் மேனேஜர் கோவிந்தராஜ் ரைஹானாவைக் கூப்பிட்டார்.

"இனிமே போலந்து உன் பொறுப்பும்மா. ஒழுங்கா பேசினா செக்‌ஷனுக்கு நீதான் ஹெட். இல்லன்னா கான்வென்ட்ல படிச்ச ஆளு ஒண்ணு வெளியேர்ந்து எடுத்துக்கினு வருவேன்."

நசரத்பேட்டையில் எங்களுக்கு எதிர்வீடு ரைஹானா. ஹெட் ஆக வேண்டும் என்று அவள் காத்திருந்தது எங்கள் தெருவுக்கே தெரியும். கம்பெனி அவளை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்த்தது. ஸ்வீட் கடை மாடியில், அம்பத்தூர் வெயிலில், கோட்டு போட்ட ஒரு சார். கண்ணாடி முன் நின்று புன்னகையோடு தன்னை அறிமுகம் செய்துகொள்ளவும், நட்சத்திர ஓட்டலில் அறை கேட்கவும் கற்றுக்கொடுத்தார். கிளாம்பில் விரிசல் விட்டால் என்ன சொல்வது என்பது பாடத்தில் இல்லை.

"அக்கா, கண்ணாடிகிட்ட இன்னா பேசிக்கினு கீறே?" என்றான் அவள் தம்பி முஸ்தகீம். "பதில் சொல்லுதா?"

"உன்ன மாதிரி நடுவுல பேசாது. போடா."

எஸ்டேட்டில் இங்கிலீஷுக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. எதைக் கேட்டாலும் "யெஸ் சார், ஷ்யூர் சார்" என்று சொல்லிப் பேச்சை முடிக்க வேண்டும். கேட்டது என்ன என்று அப்புறம் டீ குடித்துக்கொண்டே ஆராயலாம். முதல் வியாழக்கிழமை மரேக் நீளமாக ஏதோ கேட்டார். ரைஹானா சம்பிரதாயம் தவறவில்லை. அவர் ஆச்சரியப்பட்டு மறுபடி கேட்டார். "ஷ்யூர் சார், தேங்க் யூ" என்றாள். எல்லாத் தலைகளும் ஆடின.

திங்கட்கிழமை மெயில் வந்தது. கிளாம்பில் விரிசல் இருப்பதால், நீங்கள் சம்மதித்தபடி அடுத்த ஆர்டரை ரத்து செய்கிறோம்.

கோவிந்தராஜுக்கு வேர்த்துவிட்டது. "ஆர்டரே வாணாம்ன்றான், தேங்க் யூ வேற சொல்லிக்கீறியேம்மா!"

"நீங்களும் தலையாட்டினீங்களே சார்."

"நாங்க ஆட்டினது நீ ஆட்டினதப் பார்த்து!"

அடுத்த வியாழக்கிழமைக்குள் மனப்பாடம் செய்யச் சொல்லி ஒரு பக்கத்துக்கு மன்னிப்பு எழுதிக் கொடுத்தார். அதை என்னிடம் காட்டினாள். வெளிநாடுகளில் நாலு வருஷம் சுற்றியிருக்கிறேன், யாரும் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. யாரோ செத்துப்போனதற்கு எழுதிய இரங்கல் மாதிரி இருந்தது. சொன்னால் இன்னும் பயப்படுவாள் என்று, நன்றாக இருக்கிறது என்றேன்.

வியாழக்கிழமை மரேக் முன்னால் இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டாள். காகிதத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"சார், லாஸ்ட் வீக் ஐ சே யெஸ். ஐ நாட் அண்டர்ஸ்டாண்ட். ஃபியர், சார். நோ கேன்சல், ப்ளீஸ்."

கோவிந்தராஜ் கண்ணை மூடிக்கொண்டார். ரைஹானா ஒரு கிளாம்பை கேமராவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். "ஹியர் கிராக். ஃபர்னஸ் டூ ஹாட். நவ் ஓகே. ஐ செண்ட் சாம்பிள், யூ செக்."

மரேக் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "ஒன்ஸ் மோர். ஸ்லோ." அவருடைய இங்கிலீஷும் ஒன்றும் பிரமாதமில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கையைக் காட்டியும் படம் வரைந்தும் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். பாதி ஆர்டர் உடனே திரும்பக் கிடைத்தது. சாம்பிள் பார்த்த பிறகு மீதியும்.

இதற்குப் பிறகு அவளை ஹெட் ஆக்கியிருப்பார்கள் என்று நினைத்தால் உங்களுக்கு எஸ்டேட் தெரியாது. "எல்லாம் ஓகேம்மா, கிராமர்தான் இடிக்குது" என்றே மாதங்களை ஓட்டினார் கோவிந்தராஜ். அடுத்த சித்திரையில் இளங்கோ என்பவரை ஹெட்டாகக் கொண்டுவந்தார். கான்வென்ட், கண்ணாடி, கணீர்க் குரல். ரைஹானா மறுபடி ஓரத்து நாற்காலிக்குப் போனாள். இளங்கோ பேச, ஆறேழு தலைகள் நிம்மதியாக ஆடின.

இரண்டு வியாழக்கிழமைகள் போயின. மூன்றாவதற்கு முன்னால் கோவிந்தராஜின் போனுக்கு மரேக்கிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

"உங்கள் புது ஹெட் மிக அழகாகப் பேசுகிறார். போன வாரம் அவரிடம் நான் எதற்குச் சம்மதித்தேன் என்று தெரியவில்லை. தயவுசெய்து அது என்ன என்று ரைஹானாவை எனக்குச் சொல்லச் சொல்லுங்கள்."