மழைக்கு ஏறிய கார்

கொட்டாரம் என்ற ஊரிலிருந்து வந்த வக்கீல் அவர். மெலிந்த உடம்பு, இஸ்திரி குலையாத வெள்ளைச் சட்டை. வழக்கை வேண்டுமென்றே கெடுத்துவிட்டார் என்று கட்சிக்காரர் புகார் கொடுத்திருந்தார். வக்கீல் தொழில் செய்ய அவருக்கு இருந்த சன்னதைப் பறிப்பதா என்று பார் கவுன்சில் சார்பில் விசாரித்த மூவரில் நானும் ஒருவன். குற்றம் சாட்டப்பட்டவன் அணியக் கூடாது என்று, அறைக்குள் நுழையும்முன் அவர் தன் வக்கீல் கழுத்துப்பட்டையைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்.

கடைசி நாள் நல்ல மழை. வழியில் நின்ற என்னைப் புகார்தாரரின் வக்கீல் தன் காரில் ஏற்றிவந்தார். நான் இறங்கியதை, வாசலில் மனைவியோடு நின்ற கொட்டாரத்து வக்கீல் பார்த்தார்.

விசாரணை தொடங்கியதும் எழுந்தார். "சார் இந்தக் கேஸ்ல இருந்து ஒதுங்கணும்."

"கார்ல கேஸப் பத்தி ஒரு வார்த்தை பேசல்ல, கேட்டேரா."

"நம்புகேன் சார். ஆனா எனக்க வீட்டுக்காரியும் பாத்தா. சன்னது போச்சுன்னா அவகிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

என் நேர்மையையே கேள்வி கேட்கிறாரே என்று கோபம் வந்தது. நான் ஒதுங்கவில்லை. சன்னது போயிற்று.

தீர்ப்பு சரியென்றுதான் அன்று நினைத்தேன். அந்தக் கோபம் இல்லாமலும் அப்படியே தீர்ப்பளித்திருப்பேனா என்று இன்று சொல்லத் தெரியவில்லை.

தன் மனைவியிடம் அவர் என்னை விட்டுக்கொடுக்காமல்தான் பேசியிருப்பார். அதுதான் உறுத்துகிறது.