செய்திக்குப் பதிலாக அன்னங்கள்

அந்த வாரம் ஞாயிறு இணைப்புக்காக மாஸ்கோவின் பழைய பாலே குழு ஒன்றின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தேன். அனாதை இல்லத்துப் பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுத்ததில் தொடங்குகிறது அதன் கதை. அரங்கு எரிந்தது, கட்டினார்கள். மறுபடி எரிந்தது, மறுபடி கட்டினார்கள். புரட்சிக்குப் பிறகு, இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு, மூடிவிடலாம் என்று பேச்சு எழுந்தது. மூடவில்லை. போரில் அரங்கின்மேல் குண்டு விழுந்தபோது குழு வேறு ஊரில் ஆடிக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் அந்த ஆட்டத்தை நேரில் பார்த்தவர் அப்பா மட்டும்தான். ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். பயிற்சிக்கு ரஷ்யா போனபோது ஒரு மாலை எல்லோரையும் அரங்குக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். கட்டுரைக்காகக் கேட்டேன்.

"ஒரு பேச்சு கெடயாது. எல்லாம் கால்லயே பேசிக்கினு இருந்தாங்க. நா தூங்கிட்டேன். கை தட்றதுக்கு சூப்பர்வைசரு எழுப்பி வுட்டாரு."

அதைக் கட்டுரையில் சேர்த்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பூந்தமல்லி நெடுஞ்சாலையில் லாரி மோதி அண்ணன் இறந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணி போன் செய்தார். பருத்திப்பட்டு வீட்டில் அப்பா, தங்கை, நான். அப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு முறை மாரடைப்பு வந்திருந்தது. எங்கள் சபையில் வயதானவர்களுக்குச் சாவுச் செய்தியைப் போதகர்தான் வந்து, ஜெபம் செய்துவிட்டுச் சொல்வார். அதுவரை வீட்டார் வாய் திறப்பதில்லை. போதகர் கள்ளிக்குப்பத்திலிருந்து கிளம்பியிருந்தார்.

அப்பா வழக்கம்போல் செய்திச் சேனல் பார்த்துக்கொண்டிருந்தார். விபத்துச் செய்தி எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். முதலில் இடம், பிறகு வண்டி, பிறகு பெயர். ரிமோட்டை எடுத்தேன். மடிக்கணினியில் தயாராக இருந்தது அந்தக் குழுவின் பாலேதான்.

"கட்டுரைக்கு ஒரு தடவ பாக்கணும்பா" என்று டிவியில் போட்டேன்.

வெள்ளை உடையில் பெண்கள் அன்னங்களாக வரிசையில் வந்தார்கள். அப்பா இந்த முறை தூங்கவில்லை. சற்று நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"யாருடா செத்தது?"

"ஏம்பா அப்படிக் கேக்குறீங்க?"

"நா அங்க இருந்தப்போ ஒரு நாளு டிவில நியூஸே வரல. காலைலேர்ந்து இதே அன்னந்தான். எங்களுக்கு வேல சொல்லிக்குடுத்த ரஷ்யாக்காரன் பாத்துட்டு, மேல எவனோ பூட்டான்னான். அப்பால சொன்னாங்க, பெரிய தலைவரு செத்துட்டாருன்னு. சொல்ற வரைக்கும் இத்தத்தான் வுடுவாங்களாம்."

அந்தப் பழக்கத்தை நானும் படித்திருந்தேன். கட்டுரையில் அதற்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தேன்.

"நியூஸ நிறுத்திட்டு இத்தப் போட்டுகீற. உன் தங்கச்சி சமையக்கட்ட வுட்டு வெளிய வரல. பெரியவன் இன்னிக்கு போன் பண்ணல."

"அண்ணன்தாம்பா."

"எங்க?"

"பூந்தமல்லி ரோட்ல. லாரி."

தலையை ஆட்டினார். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. நான் டிவியை அணைக்கப் போனேன்.

"ஓடட்டும். பாஸ்டர் வராரா?"

"வந்துகிட்டிருக்காருப்பா."

"அவரே சொல்லட்டும். எனக்குத் தெரியும்னு சொல்லாத. பாவம், அவ்ளோ தூரத்துலேர்ந்து வராரு."

போதகர் வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அம்பத்தூரில் நெரிசல் என்றார். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஜெபித்தார். பிறகு மெல்லச் சொன்னார். அப்பா தலை குனிந்து, முதல்முறை கேட்பவர்போல் முழுதும் கேட்டார். ஒலியை நான் குறைத்திருந்தேன். திரையில் அன்னங்கள் அசையாமல் நின்றிருந்தன.

"ஆமென்" என்றார் போதகர். "ஆமென்" என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இப்போ நியூஸப் போடு."

போட்டேன். வானிலை அறிக்கை போய்க்கொண்டிருந்தது. அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, கீழே ஓடும் எழுத்துகளைப் படிக்க ஆரம்பித்தார்.