ஆரணியிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு மல்லிக் குச்சி

வெளிநாட்டுக்குச் செடி கொண்டு போகலாமா என்று இங்கே பலர் கேட்கிறீர்கள். நான் ஒரே ஒருமுறை கொண்டு போனேன், 1984 தை மாதம். சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்ட அக்காவால் அம்மா சாவுக்கு வர முடியவில்லை. ஆரணி வீட்டையும் விற்றாயிற்று. வாங்கியவர் தோட்டத்தை அழித்துத் தறிக்கூடம் கட்டப்போகிறார். "அம்மா வெச்ச குண்டுமல்லிய மட்டும் எப்படியாச்சும் எடுத்துகினு வந்துடுடி" என்று அக்கா எழுதினாள். அந்நாட்டு இறக்குமதி அனுமதியையும் அவளே வாங்கித் தபாலில் அனுப்பியிருந்தாள்.

பதியம் போட்டு வேர்விட்ட கன்றோடு கிளம்பினேன். வழியனுப்ப என் வீட்டுக்காரரும் வந்தார். காலை ஐந்தரை மணி பஸ், மெட்ராஸ் 140 கிலோமீட்டர், ஆளுக்குப் பதினான்கு ரூபாய். நாலரை மணி நேரமும் கன்று என் மடியில்தான்.

"இன்னாம்மா, கொழந்தைய விட பத்திரமா புடிச்சிகினு வரீங்க? அரை டிக்கெட் போடவா?" என்றார் கண்டக்டர்.

பெங்களூருக்கு எத்தனையோ முறை கறிவேப்பிலைக் கன்று எடுத்துப் போயிருக்கிறேன், ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை. அந்த மிதப்பில் இதையும் தோட்டத்து மண்ணோடு சாக்கில் கட்டியிருந்தேன். செடிக்குச் சான்றிதழ் தரும் அலுவலகத்தில் அதிகாரி சாக்கைப் பார்த்ததுமே கையை விரித்தார்.

"மண்ணு துளி கூட போவக் கூடாதும்மா. வேரை நல்லா கழுவிகினு வாங்க."

குழாயடியில் கழுவினேன். அம்மா கொத்திவிட்ட மண் சாக்கடையில் கரைந்து ஓடியது. அழுதுவிட்டேன், அதிலென்ன வெட்கம்?

அடுத்து பூதக்கண்ணாடியை எடுத்தார். "மாவுப்பூச்சி இருக்கு. மருந்து அடிச்சாதான் சர்டிபிகேட்."

நாங்கள் ஜைனர்கள். அம்மா மெல்லிய பிரஷ்ஷால் பூச்சியைக் கொட்டாங்குச்சியில் தள்ளி, வேலியோரம் விட்டுவிட்டு வருவாள். ஒருநாளும் மருந்து அடித்ததில்லை. அவள் செடிக்கு நான் அடிப்பதா? ஆனால் விமானம் மறுநாள். அக்காவிடம் வெறுங்கையோடு எப்படிப் போய் நிற்பது?

"மருந்து வேணாங்க சார். பூச்சிய நானே எடுத்துடறேன்."

"அதெல்லாம் எத்தினி இருக்கும், எடுத்துகினே இருப்பீங்களா?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்து இறங்கி வந்தார். "சரி, இலை மொத்தமும் கிள்ளிட்டு, குச்சிய சுத்தமா தொடச்சிகினு வாங்க. நாலு மணிக்குள்ள."

கிள்ளிய இலைகளைப் பூச்சிகளோடு காகிதப் பையில் போட்டு வீட்டுக்காரரிடம் நீட்டினேன். "பூச்சிக்கு ரிட்டர்ன் டிக்கெட்டா? நல்லா பேஜார் பண்ற!" என்று முறைத்தார். ஆனாலும் மனுஷன் மறுநாள் என்னை ஏற்றிவிட்டு ஊர் திரும்பியதும் ஆற்றங்கரைப் புதரில்தான் விட்டிருக்கிறார். சான்றிதழ் மூன்று ஐம்பதுக்குக் கைக்கு வந்தது.

சிங்கப்பூரில் சோதித்து விட்டுவிட்டார்கள். ஈரப்பஞ்சில் சுற்றிய மொட்டைக் குச்சியை வாங்கிப் பார்த்த அக்கா, "இதுவாடி அம்மா செடி?" என்றாள். பிழைக்குமா என்று எனக்கே சந்தேகம்.

நீங்கள் கொண்டு போவதானால், போகிற நாட்டின் அனுமதி முதலில், நம் ஊர்ச் சான்றிதழ் அடுத்தது. இரண்டு மூன்று நாளாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். மண்ணை மறந்துவிடுங்கள். பக்கத்து மாநிலத்துக்கே சில கன்றுகளுக்குத் தடை உண்டு, விதிகளும் மாறிக்கொண்டே இருக்கும். என்னைப் போல மிதப்பாக இல்லாமல் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஆறு மாதம் கழித்து அக்காவின் கடிதம் வந்தது. "பூத்துடுச்சிடி. வீடு பூரா அம்மா தலை வாசனை. இலைக்கு அடியில மாவுப்பூச்சியும் வந்துடுச்சி, இந்த ஊர் பூச்சிதான். கடைக்குப் போய் ஒரு பிரஷ் வாங்கியாந்துட்டேன்."